வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பெரியப்பா திருவாரூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். ஒரு தை மாத இரவில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த ஆலைக் கணக்குப்பிள்ளை டாக்டரிடம், “வீட்டு மோட்டார்ல கையை விட்டுட்டாருங்க” என்றார். பெரியப்பா மறுத்துப் பேசவில்லை. முதலாளி பார்த்துக்கொள்வார், கை ஆறியதும் வேலையும் இருக்கும் என்று நம்பினார். பிறகு இருபதாயிரம் ரூபாய் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து நான் அந்தத் தாள்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். அவர் முதலில் எடுத்துப் பார்த்தது ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான். “இதுல வீட்டுலன்னு இருக்கே தம்பி, நாளும் தாண்டிப் போச்சே” என்றார். அதன் பிறகுதான் இந்தச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது அடிபட்டால் அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் போய் வருகிறேன். அப்படிப் போய்த் தெரிந்துகொண்டதை, இதற்கு முன் ஒரு மனுகூட எழுதியிராதவருக்காக இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு நேர்ந்தது இன்றைக்கு மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 35 வயதுக்காரர் ஒருவருக்கு நேர்ந்தால், சட்டப்படி அவருக்கு வர வேண்டியது 3,54,708 ரூபாய். எப்படி என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

எந்தச் சட்டம், யாருக்கு

இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்கள் வேலையிடத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தால் எல்லாம் ஈ.எஸ்.ஐ. வழியாக. இல்லாவிட்டால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நூறு வருடமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் சாரம் அப்படியே இதற்குள் ஓர் அத்தியாயமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம். அலுவலகங்களிலும் வக்கீல்களிடமும் இன்னும் பழைய பெயரே புழங்குகிறது. அதனால் குழம்ப வேண்டாம்.

“நான் விவசாயக் கூலி, எனக்கெல்லாம் இது கிடையாது” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் யார் தொழிலாளர் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. அதைப் படித்தால் நம் ஊர்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். நிலத்தில் பயிர் செய்யும் வேலை, ஆடு மாடு வளர்ப்பு, இயந்திர அறுவடை, கதிரடிப்பு, டிராக்டர், பவர் டில்லர் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும், பூச்சிமருந்து தெளிப்பது, போர் போடுவது, தண்ணீர் இறைக்கும் பம்புசெட் மாட்டிப் பழுது நீக்குவது, லாரியில் மூட்டை ஏற்றி இறக்குவது, கட்டட வேலை, கடலில் மீன்பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. நடவு ஆள், அறுவடை இயந்திரத்தின் டிரைவர், வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரத்தில் நிற்கிற பையன், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்குபவர், நாகப்பட்டினத்து விசைப்படகில் போகிறவர் என எல்லோரும் இதற்குள் வருவார்கள். தினக்கூலி, ஒப்பந்தக் கூலி என்பது ஒரு தடையே இல்லை. மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு வந்து மோட்டார் கொட்டகையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதே உரிமைதான். அவர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை என்பதால், உங்கள் ஊரில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்திருக்க வேண்டும். வயலில் களை எடுக்கும்போது பாம்பு தீண்டுவதும், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு மின்சாரம் தாக்குவதும் விபத்துதான், வேலையோடு உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும், அவ்வளவே. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தைப் புதிய சட்டம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. போன நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும்.

அடிபட்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது பணம் தராமல் இருக்கக் காரணமாகாது. குடித்திருந்தார், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றினார், எழுதி வைத்த விதியை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால் மட்டுமே முதலாளி தப்பலாம். அதுவும் உயிர் போன விபத்திலும், இனி எந்த வேலையும் செய்ய முடியாத முழு ஊனத்திலும் செல்லாது.

முதல் நாள், ஆஸ்பத்திரியில்

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான். வழக்கு பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது.

108-க்கு அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகள், கும்பகோணம், மயிலாடுதுறை அரசு மருத்துவமனைகள் எதுவாக இருந்தாலும் சரி. தனியாருக்குத்தான் போக வேண்டிய அவசரம் என்றால் போங்கள், உயிர்தான் முதலில். ஆனால் எங்கே போனாலும் அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று எழுதுவார்கள். எல்லோரும் அதை ஏ.ஆர். என்பார்கள். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டு அதில் ஒரு வரி எழுதுகிறார். பின்னால் வரும் அத்தனை தாளும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நடக்கும்.

அந்த வரியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யாரிடம் வேலை, எந்த இடம், எத்தனை மணி, எந்த இயந்திரம் அல்லது எந்த வேலை. “காலை 10 மணிக்கு இன்னாருடைய வயலில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் வேலை செய்தபோது வலது கை சிக்கியது” என்று சொன்னால் போதும். மயக்கமாக இருப்பவருக்காகக் கூட வந்தவர் சொல்கிறார். அந்தக் கூட வந்தவர் முதலாளியின் ஆளாக மட்டும் இருந்துவிடக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர், மனைவியோ மகளோ மச்சானோ, உடனே கிளம்பிப் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். டாக்டர் எழுதியதை, “அய்யா, எப்படி எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலாளி தரப்பிலிருந்து யாராவது, “வேலையில அடிபட்டதுன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆகும், காப்பீட்டு அட்டையில ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, கீழே விழுந்ததா சொல்லிடுங்க” என்பார்கள். அதைக் கேட்டு நடக்காதீர்கள். வேலையில் அடிபட்டது என்று உண்மையைச் சொன்னதற்காக எந்த அரசு ஆஸ்பத்திரியும் சிகிச்சையை நிறுத்தாது. அப்புறம் திருத்தலாம் என்று விட்டால் திருத்துவது மிகவும் கஷ்டம்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை இன்னும் கொஞ்சம் உண்டு. விபத்து நடந்த இடத்தையும் இயந்திரத்தையும் போனில் படம் எடுங்கள். டிராக்டரோ அறுவடை இயந்திரமோ என்றால் நம்பர் பிளேட் தெரிய வேண்டும். கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். அறுவடை இயந்திரங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வருபவை. ஒரு வாரத்தில் வேறு ஊருக்குப் போய்விடும், அதோடு சாட்சியும் போய்விடும். இரத்தம் பட்ட சட்டையைத் துவைத்தாலும் பரவாயில்லை, இந்தப் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

முதல் வாரம்

முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: பெயர், ஊர், எத்தனை நாளாக வேலை, கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் எப்படி அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், சட்டப்படி எனக்கு இழப்பீடு வேண்டும். தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுத்தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவுத்தபாலோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் விரைவுத்தபாலைப் பதிவு வசதியோடு கேட்டால் தருவார்கள். வாட்ஸப்பிலும் அதன் படத்தை அனுப்புங்கள். விபத்து முதலாளிக்குத் தெரிந்திருந்தால் கடிதம் தராதது ஒரு குறையாகாது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் கடிதம் இருந்தால், “எனக்குத் தெரியவே தெரியாது” என்று பின்னால் சொல்ல முடியாது.

காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உயிர்ச்சேதமோ பெரிய காயமோ என்றால் எஃப்.ஐ.ஆர். நகல் கட்டாயம் வேண்டும். இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள், உடம்பை அறுக்கிறார்களே என்ற மனவேதனை எனக்கும் புரிகிறது. அந்த அறிக்கை இல்லாமல் குடும்பம் பின்னால் எதைக் கேட்டாலும் இடிக்கும்.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில் ஒவ்வொன்றையும் ஒரே பையில் போடுங்கள். வேலைக் காயத்துக்குச் செய்த மருத்துவச் செலவை முதலாளி உள்ளபடியே தர வேண்டும், அது இழப்பீட்டுக்கு மேல் தனி. “ஆஸ்பத்திரிச் செலவு நான்தானே பார்த்தேன்” என்று சொல்லி அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, ஜவுளிக்கடை, ஓட்டல், தனியார் ஆஸ்பத்திரி போன்றவை ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் இது தெரிந்தால் பெரும்பாரம் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி விபத்து அறிக்கையை ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்பினாரா என்று கேட்டு நகல் வாங்குங்கள். டாக்டர் வேலைக்குப் போகக் கூடாது என்று சான்று தரும் காலம் முழுக்கத் தினக்கூலியில் சுமார் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவ வாரியம் சதவீதம் குறிக்கும், அதற்கேற்ப ஆயுளுக்கும் மாதாமாதம் பணம் வரும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் போலத் தொடர்ந்து வரும், ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய்.

ஒன்றை மறக்காதீர்கள். கட்ட வேண்டிய முதலாளி உங்கள் பெயரைச் சேர்க்காமல் ஏமாற்றியிருந்தாலும் நீங்கள் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்கலாம். அவர்கள் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்வார்கள்.

எவ்வளவு வரும்: கணக்கு

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு. இதில் மூன்று எண்கள்தான்: மாதக் கூலி, வயதுக்கான காரணி எண், ஊனத்தின் சதவீதம்.

மாதக் கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும், 2020 ஜனவரி 3-ஆம் தேதி அறிவிப்பின்படி 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். நமக்கு இடிப்பது இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: கூலியைக் குறைத்துக் காட்டுவது. “மாசத்துல பத்து நாள்தான் வேலைக்கு வந்தான், ஐயாயிரம்தான் சம்பளம்” என்று முதலாளி தரப்பு சொல்லும். ஒரு முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்யாதவருக்குச் சட்டம் வேறு வழி சொல்கிறது. கடைசியாகத் தொடர்ந்து வேலை செய்த நாட்களின் கூலியை அந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து 30-ஆல் பெருக்க வேண்டும். தினம் 500 ரூபாய் என்றால் மாதக் கூலி 15,000 ஆகிவிடும். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு, அதே வேலையை அங்கே செய்கிற இன்னொருவரின் சராசரியை எடுப்பார்கள். கூலியோடு நெல் அளந்தார்களா, சாப்பாடு போட்டார்களா? அதன் மதிப்பும் கூலியில் சேரும். எங்கள் பக்கம் அறுவடைக்கு நெல்லாகவே கூலி வாங்கியவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

காரணி எண் வயதுக்கு ஏற்பச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. கடைசிப் பிறந்தநாளில் முடிந்த வயதை எடுக்க வேண்டும். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

இறந்துவிட்டால் கூலியில் பாதியைக் காரணி எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்காரருக்கு 7,500 × 184.17, அதாவது 13,81,275 ரூபாய். முழு நிரந்தர ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதம். 35 வயதுக்காரருக்கு 9,000 × 197.06, அதாவது 17,73,540 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இந்தத் தொகையில் ஊனத்தின் சதவீதம். சட்டத்தின் ஊன அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30, ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று விரலுக்கு 30, நான்கு விரலுக்கு 50, ஒரு கண் போனால் 40 என்று இருக்கிறது. முதலில் சொன்ன இரண்டு விரல் கணக்கு இப்படித்தான் வந்தது: 17,73,540-இல் 20 சதவீதம் 3,54,708.

எலும்பு முறிந்து சில மாதம் வேலைக்குப் போக முடியாமல் இருந்து பிறகு சரியாகிவிட்டால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூலியில் 25 சதவீதம், அதிகபட்சம் ஐந்து வருடம். 15,000 கூலிக்கு அது 3,750 ரூபாய். கொஞ்சம்தான்.

அட்டவணைச் சதவீதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்றது நீதிமன்றம். அவர் பார்த்துவந்த வேலையை அவரால் இனி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. தென்னை ஏறுகிறவருக்குக் கால் மடங்காமல் போனால், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடைபவருக்கு விரல் மரத்துப் போனால், டாக்டர் எழுதிய சதவீதத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாமல் இந்த வாதத்தை வக்கீலிடம் எடுத்துச் சொல்லுங்கள். அதே வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள்: இழப்பீடு தர வேண்டிய கடமை விபத்து நடந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. நியாயமான காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. 3,54,708-க்கு வருட வட்டி மட்டும் 42,565 ரூபாய்.

ஊர்ப் பேச்சும் வெள்ளைத்தாளும்

நம் ஊரில் விபத்து நடந்த மூன்றாம் நாள் நாலு பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தொகை முடிப்பார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு பேசுகிறவர்கள் இல்லை. அடிபட்டவரும் நிலக்காரரும் ஒரே தெருவில் இருக்க வேண்டியவர்கள், நாளைக்கும் அவரிடம்தான் வேலை கேட்க வேண்டும். அந்தப் பயத்தை நான் அறிவேன், பெரியப்பா கையெழுத்துப் போட்டதும் அதனால்தான். ஆனால் சட்டம் இப்படி இருக்கிறது: உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இரு தரப்பும் தொகை பேசி முடித்தால் அதைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரி முன்பு பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். உயிர் போன விபத்தில் முதலாளி குடும்பத்தின் கையில் நேரே கொடுக்கும் பணம் இழப்பீடாகவே கணக்கில் வராது, அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்ததில் மூன்று மாதக் கூலி அளவு முன்பணம் மட்டும் கழியும்.

ஆகவே, அவசரத்துக்குப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் “மருத்துவச் செலவுக்காக” அல்லது “முன்பணமாக” என்று உங்கள் கையால் எழுதுங்கள். “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளிலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டவர்களும் மனம் விட வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் இருந்தால் கோரலாம்.

முதலாளி யார் என்பதையும் நிதானமாகப் பாருங்கள். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரரின் வயலில் அறுவடை இயந்திரத்தின் உதவியாளருக்கு அடிபட்டால், அவருடைய முதலாளி இயந்திரக்காரர். வண்டிக்கும் ஆட்களுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாலிசி நகலைக் கேளுங்கள். இருந்தால் மனுவில் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் சேர்க்கலாம், முதலாளியின் தலையில் மொத்தமும் விழாது. கட்டட வேலையில் மேஸ்திரி கூட்டிப்போயிருந்தால், அவருக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டரிடமும் கேட்கலாம். ஆள் வைத்து இயந்திரம் ஓட்டுகிறவர்கள் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி ஒன்று எடுத்து வைத்தால் இந்த மனக்கசப்பே வராது. சாலையில் வண்டி விபத்து என்றால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம், இழப்பீட்டு அதிகாரி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் கூடுதலாக வரும் என்று மனுப் போடுமுன் வக்கீலைக் கேளுங்கள்.

மனுப் போடுவது

விபத்து நடந்து, அல்லது இறந்து, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். மனு தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் போகிறது. உங்கள் மாவட்டத்துக்கு யார் என்பதை மாவட்டத் தலைநகரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ சென்னைக் கட்டடத்திலோ அடிபட்டு மன்னார்குடிக்குத் திரும்பி வந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. (சிங்கப்பூரில் அடிபட்டவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் தனி, கெடுவும் குறைவு. அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.)

மனுவோடு வைக்க வேண்டியவை: ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று, சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்., வயதுச் சான்று, கூலிக்கு ஆதாரம், முதலாளிக்கு அனுப்பிய கடிதம், தபால் ரசீது. கூலிக்கு ரசீது எங்கே இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். கூகுள் பே-யில் கூலி போட்ட வரலாறு, ஆலையின் மூட்டைக் கணக்கு நோட்டின் படம், கூட வேலை செய்தவரின் சாட்சியம் எல்லாம் ஆதாரமே. இறந்தவர் குடும்பம் என்றால் இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இவையும் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் காரியம் முடிந்த மறுநாளே சொல்லிவிடுங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? தொழிலாளர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். “வர்றதுல இத்தனை சதவீதம் எனக்கு” என்று பேசும் வக்கீலிடம் போகாதீர்கள், அப்படிப் பேசுவது அவர்கள் தொழில் விதிக்கே விரோதம்.

விசாரணையை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் இன்னும் இழுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள், போக முடியாவிட்டால் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இதோடு சேர்த்துக் கேட்கக் கூடியவை

இழப்பீடு கேட்பதால் இவை குறையாது. வங்கிப் பாஸ்புக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா என்றால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம், வங்கியில் உடனே சொல்ல வேண்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையோ மற்ற அமைப்புசாரா வாரிய அட்டையோ இருந்தால் அங்கே தனி உதவி உண்டு. விவசாயக் கூலிகளும் சிறு விவசாயிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையை வைத்துத் தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம். அட்டை இல்லாதவர்கள் அடுத்த குறுவைக்குள் எடுத்துவிடுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். பணத்தை முதலாளி அல்லது இன்சூரன்ஸ் நிறுவனம் அதிகாரியிடம் கட்டும், உங்கள் வங்கிக் கணக்குக்கு அங்கிருந்து வரும். மைனர் பிள்ளைகளின் பங்கை வங்கியில் வைப்பாகப் போட்டுவிடுவார்கள். படிப்புக்கோ வைத்தியத்துக்கோ வேண்டுமென்றால் மனுக் கொடுத்து எடுக்கலாம்.

மேல்முறையீடு 60 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில். தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை. முதலாளி மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆகவே “மேல போறேன்” என்ற மிரட்டலுக்குப் பயந்து பாதித் தொகைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மேல்முறையீடும் செய்யாமல் பணமும் கட்டாமல் இருந்தால், அதே அதிகாரியிடம் வசூல் மனுப் போடுங்கள். நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லி அவர் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்புவார். அது அங்கிருந்து தாசில்தாருக்குப் போகும். அந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் அந்தப் பிரிவு எழுத்தரைப் பார்த்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்.